மங்கையர்க்கரசியின் புகார்கள்

இந்தப் பக்கம் வந்துடுங்க சார். அங்க உட்காராதீங்க, அடுத்த திருப்பம் தாண்டினா வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். ஜங்ஷனுக்கா? நான் அதுக்கு முந்தின ஸ்டாப்தான். பையை எதுக்கு மடியில வச்சுக்கிட்டு? டிரைவருக்குப் பின்னாடி காலி இடம் இருக்கு பாருங்க, அங்க வச்சுடுங்க. யாரும் தொட மாட்டாங்க. முதல்ல அங்க ஒரு சீட் இருந்துச்சு. அதைக் கழட்டச் சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க? இருங்க, முதல்லேருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

முன்னாடி மூணாவது சீட்ல மாம்பழக் கலர் பட்டுப்புடவை தெரியுதா? பக்கத்துல இருக்கிற பொம்பளைகிட்ட கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டு வர்றாளே, அவதான் என் வீட்டுக்காரி. பேரு மங்கையர்க்கரசி. இன்னிக்கு டவுன் ஹால்ல அவளுக்குப் பொன்னாடை போத்துறாங்க. சிறந்த பயணியாம். இந்த பஸ்ஸைத் திருத்தினவளாம். சார், மூணு மாசம் முன்னாடி வரைக்கும் இந்த பஸ் என்ன கலர்னு கேட்டா அவளுக்குச் சொல்லத் தெரியாது.

நான் யாருன்னு சொல்லலையே. என் பேரு அறவாழி. நகரப் போக்குவரத்துத் திட்டமிடல் நிபுணர். அதாவது, ஊருக்குள்ள ஜனங்க புகையில்லாம, நெரிசலில்லாம, நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் தாங்குற மாதிரி எப்படிப் போய் வரணும்னு யோசிச்சுத் திட்டம் போடுற வேலை. மாநாட்டுக்கெல்லாம் போயிருக்கேன். பொதுப் போக்குவரத்தின் மேன்மைன்னு நான் பேசினா ஒரு மணி நேரம் போறது தெரியாது. என்ன கேக்குறீங்க? அப்பல்லாம் பஸ்ல போவேனாவா? எங்க சார் நேரம்? கார்லதான். மாநாட்டுக்கு நேரத்துக்குப் போக வேண்டாமா?

எங்க கம்பெனியில பூங்கோதைன்னு ஒரு அம்மா. எனக்கும் அந்தம்மாவுக்கும் ஒரே நாள்ல வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. எதிரெதிர் மேசை. அன்னிலேருந்து ஆரம்பிச்சது. நான் பேசினா எல்லாரும் குறிப்பு எடுப்பாங்க, அந்தம்மா பேசினா எல்லாரும் தலையாட்டுவாங்க. கடைசியில குறிப்பு அலமாரிக்குப் போயிடும், தலையாட்டினதுதான் வேலையா நடக்கும். பேப்பர்ல போட்டோ யாருது வரும்? அந்தம்மாது. அதுவும் எப்படி, பஸ் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி! பொறாமையான்னு கேட்டா பொறாமைதான் சார். வயிறு எரியுது. உங்ககிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது, நீங்க ஜங்ஷன்ல இறங்கிப் போயிடப் போறீங்க. ஆனா பொறாமை வேற, நியாயம் வேற. நியாயத்தை மட்டும் கேளுங்க.

காவேரிக்கரையோரமா டிராம் விடலாம்னு நான் ஒரு திட்டம் போட்டேன். அதைக் கம்ப்யூட்டர்ல படமாவே பண்ணினேன். டிராம் வருது, ரெண்டு பக்கமும் மரமெல்லாம் பூத்திருக்கு, வெள்ளைச் சட்டை போட்ட ஜனங்க சிரிச்சுக்கிட்டே இறங்குறாங்க, பின்னாடி வீணை. கார்ப்பரேஷன் கமிஷனர் கண்ணை எடுக்காமப் பாத்தாரு. பாத்து முடிச்சுட்டு, "பிரமாதம் அறவாழி. வீணை யாரு?"ன்னாரு. வேற ஒரு வார்த்தை இல்ல. அடுத்து இந்தம்மா எழுந்திருச்சுச்சு. படம் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. "சார், பெரியாஸ்பத்திரிக்குப் போறவங்க ரெண்டு பஸ் மாற வேண்டியிருக்கு. தெப்பக்குளம், உழவர் சந்தை, பெரியாஸ்பத்திரி, ஜங்ஷன்னு சுத்தி வர்ற மாதிரி சின்ன பேட்டரி பஸ் விட்டா ஒரே வண்டியில போயிடுவாங்க"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துடுச்சு. சரின்னுட்டாங்க. மினி பஸ் சார்! மினி பஸ்ஸுக்கு எதுக்கு ஒரு நிபுணர்?

ஆறு மாசம் வெள்ளோட்டம்னாங்க. நல்லா ஓடினா ஊர் பூரா இதே மாதிரி விடுறது, அந்தப் பெரிய திட்டத்துக்கு அந்தம்மாதான் டீம் லீடர். ஓடலேன்னா என் டிராமைத் திரும்ப எடுக்கிறது, டீம் லீடர் நான். எனக்கு ரிட்டயர்மெண்ட் பக்கத்துல வந்தாச்சு. இதை விட்டா இனிமே ஒரு திட்டத்துல என் பேரு முதல்ல வராது. இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட வந்ததில்ல சார். எல்லா அறிக்கையிலயும் "மற்றும் அறவாழி"தான். அதனால நான் விளையாட்டுக்கு இறங்கினேன்னு நினைக்காதீங்க.

வண்டி விட்ட முதல் வாரம் அந்தம்மா என் மேசைக்கு வந்து, "அறவாழி சார், ஒரு ரவுண்டு வந்து பாருங்களேன். எனக்குத் தெரியாதது உங்க கண்ணுக்குத் தெரியும்"னுச்சு. நக்கலைப் பாத்தீங்களா? ஜெயிச்சதைக் காட்டக் கூப்பிடுது. "எனக்கு வேலை இருக்கு"ன்னுட்டேன்.

ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அந்தம்மா கூப்பிட்டுப் போறது தப்பு, நானாப் போனா என்ன தப்பு? போய் இதுல இருக்கிற ஓட்டை உடைசலையெல்லாம் பாத்து வச்சுக்கிட்டா கூட்டத்துல எடுத்து விடலாமே. மறுநாள் காரைத் தெப்பக்குளத்துல ஒரு மரத்தடியில நிறுத்திட்டு ஏறினேன். ஏறி காலை ஊனல, வண்டி எடுத்துட்டான். நான் போய் ஒரு கீரைக்கூடை மேல சாஞ்சுட்டேன். "கண்ணு பொடனியிலயாய்யா இருக்கு?"ன்னு அந்தக் கீரைக்காரம்மா ஆரம்பிச்சது பாருங்க, ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் ஓயல. எனக்கு ஒரே சந்தோஷம். முதல் நாளே முதல் குறை! கூடை வைக்க இடமில்ல, ஏறுறவன் விழறான்!

வண்டிக்குப் பின்னாடி புகார் சொல்ல ஒரு வாட்ஸப் நம்பர் எழுதியிருக்கும். அதுக்கு நாலு பேர் புகார் போட்டாத்தானே நாளைக்கு எடுத்துக் காட்ட முடியும்? ஜனங்க எங்க போடுறாங்க, திட்டிட்டு இறங்கிப் போயிடுறாங்க. சரி, நாமளே போடுவோம்னா என் நம்பர் ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். மங்கை போன் சோபாவுல கிடந்துச்சு. அவ அதுல சீரியலும் கோலமும் பாக்குறதோட சரி. அதை எடுத்து அடிச்சேன். கூடைகள் வைக்க இடமில்லை, ஏறுவோர் தடுமாறி விழுகிறார்கள். அத்தோட நிறுத்தியிருக்கணும் சார். நிறுத்தியிருந்தா இன்னிக்கு உங்ககிட்ட இப்படிப் புலம்பிக்கிட்டு இருக்க மாட்டேன். ஆனா எங்க தொழில்ல ஒரு பழக்கம். குறைன்னு ஒண்ணு எழுதினா அதுக்குக் கீழயே பரிந்துரைன்னு எழுதியாகணும். பரிந்துரை இல்லாத அறிக்கையை யாரும் கையால வாங்க மாட்டாங்க. அது ரத்தத்துல ஊறிப் போச்சு. மூளை வேண்டாங்குது, விரல் பாட்டுக்கு அடிக்குது. பரிந்துரை: ஓட்டுநருக்குப் பின்னுள்ள இருக்கையை அகற்றி அங்கே கூடைகள் வைக்க வழி செய்யலாம். இப்படிக்கு, மங்கையர்க்கரசி. அனுப்பியும் விட்டேன்.

அடுத்த வாரம் ஏறிப் பாக்குறேன், சீட்டைக் காணோம்! அந்தக் கீரைக்காரம்மா கூடையை அங்க இறக்கி வச்சுட்டு, ஏதோ சொந்த வீட்டு அடுப்படியில உட்கார்ந்த மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருக்கு. எனக்கு வந்தது பாருங்க கோவம். குறைன்னு சொன்னா அது குறையா இருக்கணும்ல சார்? சொல்லச் சொல்லத் திருத்திக்கிட்டே போனா நான் எதை வச்சுக் கூட்டத்துல பேசுறது?

சரி, திருத்தவே முடியாததா ஒண்ணைச் சொல்லுவோம்னு பாத்தேன். அப்பல்லாம் வண்டி இடமாச் சுத்தும். உழவர் சந்தை எதிர்ப்பக்கம் வரும். தலையில மூட்டையோட பொம்பளைங்க அந்த ரோட்டைத் தாண்டுறதைப் பாத்தா நமக்கே பதறும். ஒரு நாள் ஒரு பொண்ணு தக்காளிக் கூடையோட நடு ரோட்டுல நின்னுடுச்சு, முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல, லாரிக்காரன் ஆரனை அடிக்கிறான். நானே இறங்கி ஓடிக் கையைக் காட்டி நிறுத்தினேன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. சந்தையை நகர்த்த முடியுமா? முடியாது. ரோட்டை நகர்த்த முடியுமா? முடியாது. மாட்டிக்கிச்சுடா பூங்கோதைன்னு எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கிட்டே இருக்கேன், பளிச்சுன்னு தோணுது: வண்டியை எதிர்ச்சுத்தா விட்டா? கோயில்ல சுத்துற மாதிரி வலமா வந்தா சந்தை வாசல்லயே இறங்கிடலாமே, ரோட்டையே தாண்ட வேண்டாமே? சார், உண்மையைச் சொல்றேன், என் வாழ்க்கையில எனக்கு வந்த நல்ல யோசனை அது. டிராமெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது. அதை நான் என்ன பண்ணினேன்? பரிந்துரைன்னு போட்டு, கீழ மங்கையர்க்கரசின்னு போட்டேன்.

இப்ப வண்டி எப்படிச் சுத்துது? பாக்குறீங்கல்ல? வலமாத்தான்.

அதுக்கு ஒரு பதில் வந்துச்சு. "மங்கையர்க்கரசி அம்மா, இது எனக்குத் தோணவே இல்ல. மாத்தியாச்சு. அடுத்து என்ன கண்ணுல படுதுன்னு சொல்லுங்க. பூங்கோதை." அதை நான் எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. தோணவே இல்லையாம்! எதிர் மேசையில உட்கார்ந்து இத்தனை வருஷம் வேலை பாத்திருக்கேன், என்கிட்ட ஒரு தடவை இப்படிச் சொல்லியிருக்குமா? என் வீட்டுக்காரி பேருக்குச் சொல்லுது! அன்னிலேருந்து எனக்கு ரெண்டு பேர் மேல எரிச்சல். சோறு போடுறப்ப மங்கை மூஞ்சியைப் பாத்தாலே கடுப்பா வரும். அவ பாவம், "உப்பு கூடிப் போச்சாங்க?"ம்பா.

சொல்லாம இருக்கவும் முடியல. ஆஸ்பத்திரி ஸ்டாப்ல வண்டி தள்ளி நிக்குது, மாவுக்கட்டு போட்ட காலோட ஒருத்தர் எப்படி இறங்குவாரு? வண்டி எங்க நிக்கணும்னு காட்ட ஒரு மஞ்சக் கோடு. ஸ்கூல் பசங்க சாயங்காலம் நிழற்குடைக்கு வெளியில நிக்குதுங்க, ஏன்னு பாத்தா நிழல் பூரா பின்னாடி சாக்கடை மேல விழுது. ஒரு வேப்பமரம் இருக்கு அங்க, அதுக்கடியில பெஞ்சு போட்டாப் போதும். எல்லாத்தையும் அனுப்பினேன். எல்லாம் ஆயிடுச்சு. இதுக்கு நடுவுல காரு வேற மக்கர். எடுத்தாத்தானே சார், பேட்டரி செத்துப் போச்சு. எப்ப எடுக்கிறது? காலை வண்டியில கூட்டம் பாக்கணும், சாயங்காலம் பாக்கணும், ஞாயித்துக்கிழமை சந்தைக்கூட்டம் தனி. பக்கத்து வீட்டு டாக்டர், "காரைக் குடுத்துடுறீங்களா?"ன்னு கேட்டாரு. "என்ன டாக்டர், நான் என்ன பஸ்ல போற ஆளா?"ன்னேன். அதுக்குள்ள வண்டி வந்துடுச்சு, ஓடிப்போய் ஏறிட்டேன்.

ஆறு மாசம் முடிஞ்சு கூட்டம் வச்சாங்க. வண்டியில நிக்க இடமில்ல, கூட்டம் பிதுங்குது, அது எனக்கே தெரியும். ஆனாலும் விடக் கூடாதுன்னு புகார் நம்பருக்கு வந்ததையெல்லாம் ஆபீஸ்ல வாங்கிக்கிட்டுப் போனேன். எழுந்திருச்சு, "ஒரே ஒரு பயணி சார், மங்கையர்க்கரசின்னு ஒரு அம்மா. அவங்க ஒருத்தர் மட்டும் எத்தனை குறை சொல்லியிருக்காங்க பாருங்க. இது ஒரு திட்டமா?"ன்னு வாசிச்சேன்.

கமிஷனர், "இதெல்லாம் சரி பண்ணியாச்சா?"ன்னாரு.

"பண்ணியாச்சு சார். அவங்க சொன்னபடியே பண்ணினோம்"னுச்சு பூங்கோதை. அப்புறம் என்னையே பாத்துக்கிட்டு, "இந்த வண்டியில பாதிதான் என்னோடது. மீதி அவங்களோடது. இப்படிப் பாக்கத் தெரிஞ்சவங்க கூட உட்கார்ந்து வேலை பாத்தா எவ்வளவு நல்லாருக்கும்னு தினம் நினைப்பேன்"னுச்சு.

என்னையே பாத்துக்கிட்டுச் சொல்லுது சார்! உனக்கு அப்படிப் பாக்கத் தெரியலையேன்னு குத்திக் காட்டுது!

"யாரு அந்தம்மா? டீச்சரா?"ன்னாரு கமிஷனர். நான் என் கெட்ட நேரம், "இல்ல சார், வீட்லதான் இருக்காங்க"ன்னுட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"ன்னாரு. "தெரிஞ்சவங்கதான்"னேன். பூங்கோதைக்கு அப்பன்னு பாத்து இருமல் வந்துடுச்சு. தண்ணி குடிச்சும் அடங்கல, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு வெளியில போயிட்டுத்தான் வந்துச்சு. அதுக்குக் கண்டுபிடிக்கிற சாமர்த்தியமெல்லாம் கிடையாது சார். எங்க கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனதுதான், வருஷா வருஷம் பொங்கலுக்கு மங்கைக்குப் போன் பண்ணும்தான், அதுக்காக? ஊர்ல எத்தனை மங்கையர்க்கரசி இருப்பாங்க!

ஆச்சு. டீம் லீடர் பூங்கோதை. டிராம் அலமாரிக்குப் போயிடுச்சு, வீணையோட.

அன்னிக்கு சாயங்காலம் மங்கை போனைக் கையில வச்சுக்கிட்டு அடுப்படியிலேருந்து வர்றா. "என்னங்க, நான் ஏதோ பஸ்ஸையே திருப்பி விட்டேனாம், பூங்கோதை சொல்லுது. விழா எடுக்கிறாங்களாம். நான் எப்பங்க திருப்பினேன்?" வேற வழி, எல்லாத்தையும் சொன்னேன். குதிப்பா, பத்து நாள் பேச மாட்டான்னு பாத்தா, "மாம்பழக் கலர் கட்டட்டுமா, அரக்கு கட்டட்டுமா?"ன்னு கேட்டா. மறுநாளே மேடையில பேசத் தெரியணும்னு பஸ்ல ஏறிட்டா. இப்ப தினம் சந்தைக்கு இதுலதான். கீரைக்காரம்மாவுக்கு அவன்னா உசுரு. "நம்ம சீட்டை எடுத்து விட்ட மகராசி"ங்குது. என்னைப் பாத்தா இன்னும் முறைக்குது.

நேத்து பூங்கோதை என் மேசைக்கு வந்துச்சு. உட்கார்ந்துச்சு. "சார், மேடையில மங்கை பேரோட உங்க பேரையும் சேர்த்துச் சொல்லட்டுமா? பெரிய திட்டத்துலயும் ரெண்டு பேர் பேரையும் ஒண்ணாப் போடலாம். உங்க பேரு முதல்ல வரட்டும், அகர வரிசைப்படி பாத்தாலும் அதானே சரி"ன்னுச்சு.

நீங்களே சொல்லுங்க. எனக்குப் பிச்சை போடுது! பொண்டாட்டிக்கு மாலை போட்டுட்டுப் புருஷனுக்கு ஒரு பூ குடுக்குற மாதிரி. "வேண்டாம், நான் என்ன பண்ணினேன்?"னு கேட்டேன். அந்தம்மா எழுந்திருச்சு, "சரி சார், முன் வரிசையில உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு. போறப்ப அதுக்கு மூஞ்சியே சரியில்ல. கைதட்ட ஆள் குறையுது போல.

ராத்திரி தூக்கம் வரல. ஏன் வரலைன்னு தெரியல.

கேக்குதா? கேளுங்க, கேளுங்க, முன்னாடி என்ன சொல்றான்னு. "எனக்கு அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலக்கா. அப்பத்தான் பளிச்சுன்னு தோணுச்சு, வலமா விட்டா என்னன்னு." என் சோறு சார் அது! இறங்காதது என் சோறு!

இதோ, நம்ம ஸ்டாப். பாருங்க, எங்க கொண்டு போய் நிறுத்துறான் பாருங்க. ஹால் வாசல் அங்க இருக்கு, இவன் இவ்வளவு தூரம் தள்ளி வந்துட்டான். நேத்து பெஞ்ச மழை அப்படியே தேங்கிக் கிடக்கு. பட்டுப்புடவையோட இதுல எப்படி நடப்பா அவ? வயசானவங்க வந்தா என்ன ஆகும்? வாசலுக்கு இந்தப் பக்கமே ஒரு கல் பாவின இடம் இருக்கு, அங்க நிறுத்தினா முடிஞ்சு போச்சு. யாரும் பாக்குறதில்ல சார் இதெல்லாம். யாரும் பாக்குறதில்ல.

சார், உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. ஒரு நிமிஷம்தான், டிரைவர் நிப்பாட்டுவான், நம்ம ஆளுதான். மங்கை பேர்ல இனிமே ஒண்ணு கூட எழுத மாட்டேன், அதையும் மேடையேறிச் சொல்லிக்குவா. என் பேர்லயா? விளையாடுறீங்களா? என் பேர்ல எழுதினா அந்தம்மா ஜெயிச்சதுக்கு நானே காரணம்னு ஆயிடாதா? வரேன் மங்கை, வரேன், பாத்து இறங்கு, தண்ணி கிடக்கு. இந்தாங்க, குறை எழுதியாச்சு, பரிந்துரையும் எழுதியாச்சு. கீழ பேரு மட்டும்தான் போடணும்.

உங்க பேரு என்ன சார்?